ஒளியாண்டுகளுக்கு அப்பால் ஒரு மேடு

1

போன தை மாதம் பத்து நாட்கள், மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, பேக்கரிக்கும் செல்போன் கடைக்கும் நடுவில், நான் பதினைந்தடி உயரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அமுதா அக்கா வாட்ஸ்ஆப்பில் படம் அனுப்பியிருந்தாள். அவள் மகள் பவித்ராவின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு வைத்த ஃப்ளெக்ஸ். நடுவில் பட்டுப்புடவையில் பவித்ரா. இடது பக்கம் மாமாவின் நண்பர்கள் பன்னிரண்டு பேர். அதில் நான்கு பேர் செல்போனில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் கோட்டு சூட்டில் நான். கழுத்து வரைக்கும்தான் நான். அதற்குக் கீழே இருந்த அகன்ற மார்பு யாருடையது என்று இதுவரை தெரியவில்லை. தலைக்குப் பின்னால் வளையம் போட்ட ஒரு கிரகம், சாமி படத்து ஒளிவட்டம் மாதிரி. அடியில் மஞ்சள் எழுத்து: "வேற்றுக் கிரகத்தில் உயிரைக் கண்டுபிடித்த எங்கள் தாய்மாமனே வருக வருக!"

இதில் மூன்று தப்பு. தாய்மாமன் வரவில்லை. அந்தக் கிரகத்துக்கு வளையம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, உயிரை நான் கண்டுபிடிக்கவில்லை. முதல் தப்புக்கு ஜெர்மானிய அரசாங்கம் பொறுப்பு. இரண்டாவதற்கு ஃப்ளெக்ஸ்காரர். மூன்றாவதற்கு நான்தான்.

2

ஜெர்மனிக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஊரில் கேட்பவர்களிடம் அம்மா "ராக்கெட் விடுறான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். விளக்கம் கொடுக்கிற வேலை மிச்சம். உண்மையில் நான் தொலைநோக்கியைத் தொட்டதுகூடக் கிடையாது. அது வானத்தில் சுற்றுகிறது. நான் தெற்கே ஆற்றங்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊரில், ஹீட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

வேலை இதுதான். எங்கோ தூரத்தில் ஒரு விண்மீன். அதை ஒரு கோள் சுற்றுகிறது. கோள் விண்மீனுக்குக் குறுக்கே போகும்போது, வெளிச்சத்தில் ஒரு துளி அந்தக் கோளின் காற்றுக்குள் நுழைந்து வெளியேறி நம்மிடம் வந்து சேர்கிறது. காற்றிலுள்ள ஒவ்வொரு வாயுவும் தனக்குப் பிடித்த நிறத்தை மட்டும் அந்த வெளிச்சத்திலிருந்து விழுங்கிக்கொள்ளும். எந்த நிறத்தில் எவ்வளவு காணாமல் போயிருக்கிறது என்று வரைபடம் போட்டால், வாயு இருக்கும் இடத்தில் கோடு லேசாக மேடு தட்டும். எந்த இடத்தில் மேடு என்பதை வைத்து எந்த வாயு என்று சொல்லிவிடலாம். நம் பூமியில் உயிர்கள் மட்டுமே விடுகிற வாயு ஏதாவது அங்கே தென்பட்டால், அங்கேயும் ஏதோ ஒன்று மூச்சு விடுகிறது என்று சந்தேகப்படலாம். சந்தேகம்தான். அதற்கு மேலே ஒரு சொல் சொன்னாலும் எங்கள் தொழிலில் கழுத்துக்குக் கத்தி வரும்.

அந்தச் சந்தேகப்படும் கௌரவமும் எனக்கு இல்லை. கருவி தருகிற கோடு ஒருபோதும் ஒழுங்காக வராது. கருவியின் சூடு, விண்மீனின் முகத்திலிருக்கும் கரும்புள்ளிகள் என்று பல காரணங்களால் ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் தொய்ந்து வரும். அந்தக் கோணலைக் கழித்துவிட்டு, கோட்டைச் சமமாக்கிக் கொடுப்பவன் நான். அதன்மேல் மற்றவர்கள் உயிரைத் தேடுவார்கள். குழுவில் எல்லாரும் வானத்தைப் பார்ப்பவர்கள். நான் தரை போடுகிறவன்.

போன வருடம் ஐப்பசி வாக்கில், நான் சமன்செய்து கொடுத்த ஒரு கோளில் மேடு ஒன்று தெரிந்தது. கந்தகம் கலந்த ஒரு வாயு. நம் கடலில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் விடுகிற வாயு. எங்கள் குழுத் தலைவர் ஐம்பது தாண்டிய பெண்மணி. ஊர்ப் பழக்கத்தில் மனதுக்குள் அவரை மேஸ்திரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். மேஸ்திரியம்மா வரைபடத்தை ஐந்து நிமிடம் பார்த்தார். பிறகு அறைக்கதவைச் சாத்தினார். ஒன்பது வருடத்தில் அவர் கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

3

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றை எதிர்பார்ப்பார்கள் என்று தெரியும். எங்கள் வீட்டுப் பிழைப்பு உப்பளம். உப்பளத்துக்காரன், கடல் வாயு, ஆகவே அண்டவெளியின் அந்தக் கோடியிலிருந்து சொந்த ஊரின் மணம். எழுதினால் அழகாக இருக்கும். ஆனால் அந்த வாயு எப்படி நாறும் என்று ஆய்வகத்தில் ஒரு நண்பர் குப்பியைத் திறந்து காட்டினார். முட்டைகோஸை அரை மணி நேரம் கூடுதலாக வேகவிட்டால் வருமே, அந்த நாற்றம். என் கீழ்வீட்டு அம்மையார் வாரம் இரண்டு முறை அந்த நாற்றத்தைத் தயாரிக்கிறார். வாயுவை மட்டும் வைத்துப் பார்த்தால், உயிர் இருப்பதற்கான வலுவான ஆதாரம் எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில்தான் இருந்தது.

4

விழாவுக்கு ஏன் போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் தாய்மாமன் சீர் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டான் என்று பேச்சு நிற்கும். ஏற்கெனவே நிற்கிறது.

என் வேலை ஒப்பந்தம் மார்ச் கடைசியோடு முடிவதாக இருந்தது. ஒப்பந்தம் இருந்தால்தான் குடியிருப்பு அட்டை. பழைய அட்டை காலாவதியாகி, புதியது வரும்வரை வைத்துக்கொள்ள ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். தாளோடு நாட்டில் இருக்கலாம். நாட்டை விட்டுப் போனால் திரும்ப விடுவார்களா என்று கேட்டதற்கு, வெளிநாட்டவர் அலுவலக அதிகாரி, "பொதுவாக விடுவார்கள்" என்றார். அந்தப் 'பொதுவாக'வை நம்பி நான் சென்னைக்கு டிக்கெட் போடவில்லை.

அவர் முன்னால் எனக்கு எப்போதும் நாக்கு குழறும். நம்மைப் போலவே இவர்களிடமும் 'நீ'யும் 'நீங்க'ளும் உண்டு. பதட்டத்தில் நான் 'நீ' போட்டுவிடுவேன். ஒருமுறை, "நீ என் கோப்பை எப்போ பாப்ப?" என்கிற மாதிரி கேட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற என் மகள் யாழினி தலையில் அடித்துக்கொண்டு, திருத்திச் சொல்லி, என் சார்பில் மன்னிப்பும் கேட்டாள். அவளுக்கு எட்டு வயது. பிறந்ததே இங்கேதான். தமிழ் பேசுவாள், ஆனால் விருந்தாளி பாத்திரம் கழுவுகிற மாதிரி ஒரு ஜாக்கிரதையோடு. உப்பு எப்படி வருகிறது என்று ஒருநாள் விளக்கினேன். கடல் தண்ணீர், பாத்தி, வெயில் என்று நான் சொல்லி முடித்ததும், "அப்போ அங்க மெஷினே இல்லையா?" என்றாள். அந்தக் கேள்வியிலிருந்த இரக்கம் ஒரு வாரம் என்னை விட்டுப் போகவில்லை.

புது ஒப்பந்தம் மேட்டைப் பொறுத்தது. மேஸ்திரியம்மா தெளிவாகச் சொல்லியிருந்தார்: பிப்ரவரியில் கட்டுரை போகும். போனதும் நிதி தருகிறவர்களிடம் பேசி, எனக்கு இரண்டு வருடம் நீட்டிப்புக் கடிதம் தருவார். மேடு நின்றால் கடிதம், கடிதம் வந்தால் அட்டை, அட்டை வந்தால் நாங்கள் மூன்று பேரும் இங்கே. இல்லாவிட்டால் ஏப்ரலில் பெட்டி கட்ட வேண்டும்.

5

ஃப்ளெக்ஸ் படம் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். அப்போதுதான் அளத்திலிருந்து வந்து, வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கால் வரைக்கும் களிமண். தை மாதம் பாத்தி மிதிக்கிற காலம். மழைத் தண்ணீரை வடித்துவிட்டு, ஈரக் களிமண் தரையைக் கல்லு மாதிரி இறுகும்வரை, பாத்தி பூராவும் ஒரே மட்டமாக, காலாலேயே மிதிப்பார்கள். தரை சமமாக இருந்தால்தான் தண்ணீர் ஒரே ஆழத்தில் நிற்கும், உப்பு ஒரே சீராக விளையும்.

"டேய் குமாரு, உன் மூஞ்சி நல்லா வந்திருக்குதா?"

"மூஞ்சி வந்திருக்குதுக்கா. உடம்புதான் வேற யாரோடதோ."

"உன் உடம்பப் போட்டா மத்தவங்களுக்கு இடம் பத்தாதுன்னு ஃப்ளெக்ஸ்காரன் சொல்லிட்டான்."

"உயிரக் கண்டுபுடிச்சேன்னு யாரு எழுதச் சொன்னது?"

"நீதான சொன்ன?"

"யார்கிட்டயும் சொல்லாதன்னும் சொன்னேன்ல?"

"நான் யார்கிட்டடா சொன்னேன்? மாமாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். மாமா ஃப்ளெக்ஸ்காரன்கிட்ட மட்டுந்தான் சொன்னாரு." கால் கழுவி முடித்து, படியில் உட்கார்ந்தாள். "சரி, அந்த உயிரு எப்படி இருக்குது, காட்டு. ஊரு பூரா கேக்குறாங்க. நான் இன்னான்னு சொல்றது?"

லேப்டாப்பைத் திறந்து, வரைபடத்துக்கு நேரே போனைப் பிடித்தேன். இன்னும் வெளியே யாருக்கும் காட்டாத வரைபடம். மேஸ்திரியம்மாவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார். ஆனால் பதினைந்தடி ஃப்ளெக்ஸ் வைத்தவளுக்கு ஏதாவது காட்டாமல் எப்படி?

"இன்னாடா இது? உயிருன்ன, கோடு போட்டு வெச்சிருக்க."

"இந்த எடத்துல மேடு தெரியுதில்ல? அதான்க்கா."

அவள் முகம் திரைக்கு அருகில் வந்தது. நெற்றி மட்டும் தெரிந்தது.

"ஏண்டா, இது நீ மிதிச்சதா?"

"என்னது?"

"சமம் பண்ணது யாருன்னு கேக்குறேன்."

"நான்தான்."

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்துக் கூவினாள். "ஏங்க, இங்க வந்து பாருங்களேன்! இவன் அங்க போயும் மேட்டத் தொரத்திக்கினு இருக்கான்."

6

இது ஒரு பழைய கதை. பள்ளிக்கூட லீவில் அக்காவோடு நானும் பாத்தி மிதிக்கப் போவேன். மிதிக்கிறவர்கள் வரிசையாக நின்று, வரப்பு ஓரத்திலிருந்து ஆரம்பித்து, சின்னச் சின்ன அடியாக, ஒரே அழுத்தத்தில் நகர்ந்து போவார்கள். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று பார்க்கவே மாட்டார்கள். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. கண்ணில் பட்ட மேட்டின்மேல் ஏறி நின்று மிதிப்பேன். ஈரக் களிமண் எங்கே போகும்? பக்கத்தில் கிளம்பும். அதை மிதித்தால் இன்னொரு பக்கம். ஒரு மேட்டை நான் பாத்தி முழுக்க மத்தியானம்வரை துரத்தியிருக்கிறேன். கடைசியில் வேறு ஆட்கள் வந்து எல்லாவற்றையும் தண்ணீர் விட்டுக் குழப்பி, முதலிலிருந்து மிதித்தார்கள். அதோடு என்னை மதிய சாப்பாடு தூக்கிவரும் வேலைக்கு மாற்றினார்கள். உண்மையில், நான் படித்து முன்னேறியதன் முழுப் பின்னணியும் இதுதான். உப்பளம் என்னை வேண்டாம் என்றது.

"இந்தா, இந்தப் பக்கம் பாரு, பள்ளமா இருக்குது," என்று அக்கா திரையில் விரலை வைத்தாள். அவள் விரல் எனக்குத் தெரியவில்லை, ஆனால் எங்கே வைத்தாள் என்று புரிந்தது. "இங்க ரொம்ப மிதிச்சிருக்க. அதான் அங்க எழும்பியிருக்குது."

"அக்கா, இது மண்ணு இல்ல. வெளிச்சம்."

"எதுவா இருந்தா இன்னா? மிதிச்சது நீதான?"

மாமா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "மச்சான், இதுக்கு மாசா மாசம் சம்பளமா குடுக்குறான்?"

நானும் சிரித்தேன். போனை வைத்துவிட்டு மறுபடியும் சிரித்தேன். சாயங்காலம்வரை சிரித்துக்கொண்டிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

7

செவ்வாய்க்கிழமை மத்தியானம், வேறு வேலை இல்லாத மாதிரி ஒரு பாவனையோடு, பழைய கோப்பைத் திறந்தேன்.

கோட்டின் கோணலைக் கழிப்பதற்கு நான் பயன்படுத்தியது ஒரு வளைகோடு. கோணல் எப்படி நெளிகிறதோ அப்படியே தானும் நெளிந்து ஒட்டிக்கொள்ளும் வளைகோடு. எத்தனை முறை நெளியலாம் என்று நான்தான் சொல்ல வேண்டும். மூன்று போதும். நான் ஒன்பது கொடுத்திருந்தேன். ஏன் ஒன்பது? ஒரு இடத்தில் கோடு லேசாகத் தூக்கியிருந்தது, கண்ணை உறுத்தியது. அதை அமுக்கத்தான். அமுக்கிய இடத்தில் இப்போது மெல்லிய பள்ளம். பள்ளத்தின் விளிம்பில், அண்டவெளியில் நாம் தனியாக இல்லை என்பதற்கான ஆதாரம்.

நெளிவுகளைக் குறைத்தேன். ஏழு. ஐந்து. மூன்று. ஒவ்வொரு முறையும் மேடு கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்தது. நேர்கோடு வைத்தபோது, பக்கத்திலிருந்த நூறு சில்லறை நடுக்கங்களோடு அதுவும் ஒன்றாகக் கலந்துவிட்டது. சந்தேகம் தீர, வேறு இடத்தில் வேண்டுமென்றே அழுத்திப் பார்த்தேன். அழுத்திய இடத்துக்குப் பக்கத்திலெல்லாம் மேடு கிளம்பியது. டீ நேரத்துக்குள் அந்தக் கோளில் மூன்று புது வாயுக்களைக் கண்டுபிடித்தேன். அதில் ஒன்று கொசு மருந்து.

இதை உடனே போய்ச் சொல்லியிருப்பேன் என்று நீங்கள் நினைத்தால், என்னை ஃப்ளெக்ஸில் மட்டும் பார்த்திருக்கிறீர்கள். புதன்கிழமை சொல்லவில்லை. கட்டுரையை வெளியிலிருந்து சரிபார்ப்பவர்கள் இந்த ஒன்பதை மூன்று மாதத்துக்குள் கண்டுபிடிப்பார்களா என்று கணக்குப் போட்டேன். மாட்டார்கள் என்று தோன்றியது. அதற்குள் அட்டை கைக்கு வந்துவிடும். வியாழக்கிழமை காலையில் மேஸ்திரியம்மாவிடமிருந்து மின்னஞ்சல். இணைப்பில் என் இரண்டு வருட நீட்டிப்புக் கடிதத்தின் வரைவு. "பெயரின் எழுத்துகள் சரியா என்று பார்க்கவும். கட்டுரையை அனுப்பிய அன்றே கையெழுத்துப் போடுகிறேன்." பெயர் சரியாகத்தான் இருந்தது. ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக.

அன்று சாயங்காலம் என் மனைவி சுகந்தி முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, சட்டினிக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். இங்கே முழு நர்ஸாக அவளுக்கு இன்னும் ஒரு தேர்வு பாக்கி. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"சொன்னா கடிதம் வராதா?"

"வராது."

"ஏப்ரல்ல போயிடணுமா?"

"அப்படித்தான்."

"என் பரீட்சை ஜூன்ல." வெங்காயத்தைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு, "இது யாருக்கெல்லாம் தெரியும்?" என்றாள்.

"எனக்கு. அப்புறம் அக்காவுக்கு."

"அக்காவுக்குத் தெரியுமா? அப்போ இந்நேரம் மரக்காணம் பூரா தெரியும். நாளைக்கே போய்ச் சொல்லிடுங்க." அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். கரண்டி மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடியது.

8

வெள்ளிக்கிழமை மேஸ்திரியம்மாவின் மேசையில் இரண்டு வரைபடங்களை வைத்தேன். மேடு உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"எப்போது தெரியும்?"

"செவ்வாய்."

"இன்று வெள்ளி."

"ஆமாம்."

அந்த 'ஆமாம்' என் வாழ்க்கையிலேயே நீளமான சொல். அவர் அதற்கு மேல் அதைத் தொடவில்லை.

"எப்படிப் பிடித்தாய்?"

"நான் பிடிக்கவில்லை. என் அக்கா பிடித்தார்."

"அக்காவும் ஆராய்ச்சியாளரா? எந்தத் துறை?"

"உப்பு."

அவர் முகத்தில் சட்டென்று ஒரு ஆர்வம். சூடான கோள்களில் உப்பு மேகங்கள் இருக்கும், அதற்கென்றே நிபுணர்கள் இருக்கிறார்கள். "உப்பு மேகங்களா?"

"இல்லை. சாப்பாட்டு உப்பு."

பாத்தி மிதிப்பதையும் மேட்டைத் துரத்தியதையும் சொன்னேன். ஜெர்மன் மொழியில் அதற்குச் சொல் இல்லாததால், எழுந்து நின்று தரையில் மிதித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அவர் சிரிக்கவில்லை. கோபமும் படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலை. எங்கள் ஊர் மேஸ்திரியாக இருந்தால் பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்துத் திட்டித் தீர்த்துவிட்டு, டீ வாங்கிக் கொடுத்திருப்பார். இவர் ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இதுவரை நாம் வெளியிட்ட கோள்கள் எத்தனை?"

"ஐந்து."

"சமன்செய்தது?"

"எல்லாம் நான்தான்."

பேனாவை மேசையில் வைத்தார்.

கட்டுரை போகவில்லை. குழுவில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. குட் மார்னிங் மட்டும் சில வாரங்களுக்குச் சுருங்கிப் போயிற்று. இரண்டு வருடக் கடிதம் கிழிக்கப்பட்டது. அதற்குப் பதில் மார்ச் மாதக் கடைசி வாரத்தில் வேறொன்று வந்தது. பத்து மாதம். வேலை: முன்பு வெளியான ஐந்து கோள்களின் தரவுகளையும் முதலிலிருந்து மறுபடி சமன்செய்தல். கோளுக்கு இரண்டு மாதம். முதல் மூன்று வரிகளைப் படித்துவிட்டு, சுகந்தி காலண்டரில் ஜூன் மாதத்தை எடுத்து வட்டமிட்டாள்.

அக்காவிடம் சொன்னபோது, ஃப்ளெக்ஸ் எப்போதோ இறங்கிவிட்டது என்றாள். கெட்டித் துணி, வீணாக்குவானேன் என்று மாமா அதை உப்புக் குவியல்மேல் போர்த்திக் கயிறு கட்டியிருந்தார். மழை வந்தால் தண்ணீர் என் நெற்றியிலிருந்து வடிந்து போகும்.

அப்பா வேற்றுக் கிரகத்தில் உயிரைக் கண்டுபிடித்துவிட்டார் என்று யாழினி வகுப்பில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அவளிடம் சொல்லத்தான் எனக்கு மேஸ்திரியம்மாவைவிட அதிக பயமாக இருந்தது. பென்சில் சீவியபடி முழுவதும் கேட்டாள்.

"அப்போ நீ கண்டுபிடிக்கலைன்னு நீயே கண்டுபிடிச்சியா, அப்பா?"

"அத்தை கண்டுபிடிச்சாங்க."

"ஓ," என்றாள். "அத்தைக்கு மெஷின் வேண்டாம் இல்ல?"

9

கடிதத்தோடு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போனேன். 'நீங்கள்', 'நீங்கள்' என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"உங்கள் பழைய முடிவுகளைச் சரிபார்க்கும் வேலையா?"

"ஆமாம்."

"அதையெல்லாம் செய்தவர்?"

"நான்."

"தவறு இருந்தால்?"

"திருத்துவேன்."

"இல்லாவிட்டால்?"

"இல்லை என்று காட்டுவேன்."

"எப்படிப் பார்த்தாலும் பத்து மாதம்."

"எப்படிப் பார்த்தாலும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்படியொரு பதவி எங்கள் அலுவலகத்திலும் இருந்தால் நானே விண்ணப்பிப்பேன்," என்றார். ஒன்பது வருடத்தில் இந்த நாட்டின் அரசாங்கம் என்னோடு சிரித்தது அந்த ஒருமுறைதான்.

ஏப்ரலில் முதல் கோளை எடுத்தேன். நான் இந்த நாட்டுக்கு வந்து ஒட்டிக்கொள்ளக் காரணமாக இருந்த கோள் அது. ஓரத்திலிருந்து ஆரம்பித்து, எந்த மேட்டையும் நிமிர்ந்து பார்க்காமல், ஒரே அழுத்தத்தில் போனேன். முடித்துவிட்டுப் பார்த்தால் அதிலிருந்த மேடு போய்விட்டது. திருத்தம் வெளியிட்டோம், முதல் பெயராக என் பெயரைப் போட்டு. என் சகாக்களில் சிலர் அதற்குக் கை குலுக்கினார்கள். துக்க வீட்டில் குலுக்குகிற மாதிரியான குலுக்கல்.

இரண்டாவது கோள் ஜூலை கடைசியில் முடிந்தது. மேடு நின்றது. நம்பாமல் மறுபடி செய்தேன். நின்றது. மூன்றாவது முறை நான் செய்யவில்லை. தரவை அப்படியே மேஸ்திரியம்மாவிடம் கொடுத்து, நான் ஊரில் இல்லாதபோது நீங்களே செய்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு, சுகந்தி பரீட்சையில் தேறியதற்காக யாழினியோடு மூன்று பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். திங்கட்கிழமை வந்தபோது என் மேசையில் ஒரு வரைபடம் கிடந்தது. அவருடைய கையெழுத்தில் இரண்டே சொல்: "நிற்கிறது. நல்லது."

அடுத்த ஞாயிறு அக்காவைக் கூப்பிட்டேன். உப்பு வாரி முடித்து அப்போதுதான் வந்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ஆடி மாத வெயிலில் வெள்ளையாகக் கிடக்கிற பாத்தியை நாள் பூரா பார்த்தால் அப்படித்தான் ஆகும்.

"அக்கா, ஒண்ணு நின்னிருக்குது. நான் பண்ணது சரியாப் போச்சு."

"உயிரா?"

"இல்லக்கா. தண்ணி. அந்தக் கிரகத்தோட காத்துல தண்ணி ஆவி இருக்குது. நிச்சயமா இருக்குது."

அக்கா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, திரையில் என்னையே பார்த்தாள்.

"தண்ணி ஆவியா மேல போறதப் பாத்துக்கினுதான்டா நாங்க இங்க பொழைக்கிறோம். அதுக்கா அவ்ளோ தூரம் போன?"

பதில் யோசிக்க எனக்கு இன்னும் ஆறு மாதம் அனுமதி இருக்கிறது.